தங்கத்துக்குள் ஒளிந்திருந்த இரும்பு

நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வகத்துக்குக் குளிர்தான் குலத்தொழில். 1908-இல் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியது அங்கே. 1911-இல் பாதரசத்தின் மின்தடை அடியோடு மறைவதைக் கண்டதும் அங்கேதான். 1934-இல் டி ஹாஸ், டி போயர், வான் டென் பெர்க் மூவரும் அங்கே தங்கத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார்கள். குளிரக் குளிர அணுக்களின் ஆட்டம் அடங்கும், எலக்ட்ரான்களுக்கு வழி கிடைக்கும், மின்தடை இறங்கும். கடைசியில் மாசுகளால் வரும் மிச்சத் தடை மட்டும் மாறாமல் நிற்க வேண்டும். தங்கத்தின் தடையும் இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது!

இந்தப் புதிர் 30 ஆண்டுகள் நீடித்தது. சுத்தத் தங்கம் என்று நாம் சொல்வதிலும் பத்து லட்சத்துக்குச் சில என்ற கணக்கில் இரும்பணுக்கள் இருக்கலாம். சந்தேகம் அவற்றின்மேல் திரும்பியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மிரியம் சாராசிக், மாலிப்டினமும் நையோபியமும் கலந்த உலோகங்களில் சிறிது இரும்பைச் சேர்த்து அளந்தார். கலவையின் விகிதத்தைப் பொறுத்து, சிலவற்றில் இரும்பு காந்தத்தன்மையோடு இருக்கும், சிலவற்றில் அதை இழந்துவிடும். காந்தத்தன்மை இருந்த கலவைகளில் மட்டுமே தடை இறங்கி ஏறியது. இரும்பு இருந்தால் மட்டும் போதாது, அது காந்தமாகவும் இருக்க வேண்டும்.

ஏன்? விடை சொன்னவர் டோக்கியோவின் ஜுன் கொண்டோ, 1964-இல்.

எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு குணம் உண்டு. உண்மையில் அங்கே எதுவும் சுற்றுவதில்லை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. மேல், கீழ் என்று இரண்டு நிலைகள் கொண்ட ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். காந்தமற்ற மாசு, வழியில் கிடக்கும் கல். யார் இடறினாலும் அது அப்படியே கிடக்கும். காந்த மாசு கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. வந்த எலக்ட்ரான் மேலிருந்து கீழாக மாறினால், மாசணு கீழிருந்து மேலாக மாறும். அடுத்து வரும் எலக்ட்ரானுக்கு நடப்பது, முன்னே போனது தாழ்ப்பாளை எப்படி விட்டுப்போனது என்பதைப் பொறுத்தது.

கொண்டோ இரண்டு படிகளில் நடக்கும் சிதறலைக் கணக்கிட்டார். கல்லாக இருந்தால் எந்தப் படி முந்தினாலும் ஒன்றுதான். தாழ்ப்பாளுக்கு அப்படியில்லை: கதவைச் சாத்திவிட்டுத் தாழிடுவதும், தாழிட்டுவிட்டுச் சாத்தப் பார்ப்பதும் ஒன்றாகுமா? வரிசை மாறும்போது வரும் அந்த வித்தியாசம், வெப்பநிலை குறையக் குறைய மடக்கை வேகத்தில் வளர்கிறது. அணுக்களின் ஆட்டத்தால் வரும் தடை இறங்க, இது ஏற, இரண்டும் சேர்ந்த வரைகோட்டில் ஒரு பள்ளம் விழுகிறது. அதைத்தான் லைடனில் பார்த்தார்கள்.

ஆனால் அந்த மடக்கையே வில்லங்கமும் ஆயிற்று. சூத்திரத்தை நம்பினால் தனிச்சுழி வெப்பநிலையில் தடை எல்லையற்றுப் போக வேண்டும். எந்த உலோகமும் அப்படி நடந்துகொள்வதில்லை. கென்னத் வில்சன் 1975-இல்தான் இந்த முடிச்சை முழுதாக அவிழ்த்தார். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே, சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மாசணுவோடு எதிரெதிராகப் பிணைந்து, அதன் காந்தத்தை வெளியே தெரியாமல் போர்த்திவிடுகின்றன. தடை ஏறுவதும் அங்கே நின்றுபோகிறது. செம்புக்குள் இரும்பு என்றால் அந்த வெப்பநிலை சுமார் 30 கெல்வின். மாங்கனீசு என்றால் ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே.

இந்தப் போர்வை வெறும் கணக்கில்லை. 2000-இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வாளர்கள் செம்புப் பரப்பின்மேல் கோபால்ட் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நீள்வட்ட வேலி கட்டினார்கள். அதன் ஒரு குவியத்தில் இன்னொரு கோபால்ட் அணுவை வைத்து, ஊசிமுனை நுண்ணோக்கியால் தடவிப் பார்த்தார்கள். போர்வையின் அடையாளம் அந்த அணுவின்மேல் தெரிந்தது. எதுவுமே வைக்காத மற்றக் குவியத்திலும், சற்று மங்கலாக, தெரிந்தது.