நகர் இனிதாவது எதனால்?

அகன்ற வீதிகளும் நிறைந்த அங்காடிகளும் நகருக்கு வேண்டுவனவே. எனினும், கைப்பொருள் இல்லாரும் தலைநிமிர்ந்து சென்று அமரத்தக்க பொதுவிடமே ஒரு நகரை வாழ்தற்கு இனியதாக்குகின்றது என்போம்.

யாழ்ப்பாணமே இதற்குச் சான்று. 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூலகம், ஊரார் முயற்சியால் வளர்ந்து, 1959இல் பொது நூலக மாளிகையாய் எழுந்தது. வீட்டில் நூலில்லா மாணவனுக்கு அதுவே படிப்பறை. ஓய்வுற்ற முதியோருக்கு அதுவே பத்திரிகை மண்டபம். 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வீட்டில் நூலில்லார்க்கு அன்று எல்லாமே போயின.

1998இல் தொடங்கிய மீள்கட்டுப் பணியின் பயனாய் அதன் கதவுகள் மீண்டும் திறந்துள்ளன. நாமும் நம் மக்களும் அங்கு சென்று பயிலுவதே அவற்றைத் திறந்தே வைத்திருக்கும் வழியாகும்.