ஆறு மாசமா ஆஃப்ல கிடந்த சர்வரை ஆன் பண்ணலாமா?

சென்னையில் தலைமையகம், கடையநல்லூரில் கிளை என ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் கிளையின் சர்வரை அணைத்துவிட்டு அலுவலகத்தைப் பூட்டுகிறார்கள். திரும்ப வந்து பட்டனைத் தட்டினால் போதுமா? அது எத்தனை நாள் கழித்து என்பதைப் பொறுத்தது.

அது என்ன சர்வர்?

ஊழியர்கள் யார், பாஸ்வேர்ட் சரியா, யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்பதையெல்லாம் வைத்திருக்கும் பதிவேடு மைக்ரோசாஃப்ட்டின் ‘ஆக்டிவ் டைரக்டரி’. அதன் பிரதியை வைத்திருக்கும் சர்வர்தான் ‘டொமைன் கன்ட்ரோலர்’. ஒன்றில் நடக்கும் மாற்றத்தை மற்றவற்றுக்கும் சொல்லிவிடும்.

எத்தனை நாள் தாங்கும்?

பொதுவாக 180 நாள். நம்ம கடையநல்லூர் சர்வருக்கு செப்டம்பர் 21 வரை. விண்டோஸ் 2000 காலத்தில் அமைத்து, பிறகு மாற்றாமல் விட்ட நெட்வொர்க் என்றால் 60 நாள்தான். மே 24-லேயே கெடு முடிந்துவிடும்.

ஏன் இந்தக் கெடு?

வேலையை விட்டவரின் கணக்கை நீக்கினால் அது உடனே அழியாது. ‘இது நீக்கப்பட்டது’ என்ற அடையாளம் மட்டும் நிற்கும். அதன் பெயர் ‘டூம்ஸ்டோன்’. கடையநல்லூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் மீசான் கல். எல்லா சர்வருக்கும் தகவல் போய்ச்சேரத்தான் இந்த ஏற்பாடு. 180 நாள் முடிந்தால் கல்லும் போய்விடும். அதுவரை தூங்கிய சர்வருக்கு ‘அவர் போய்விட்டார்’ என்று சொல்ல ஆளில்லை. அங்கே அவர் இன்னமும் ஊழியர். பழைய பாஸ்வேர்டும் செல்லும்!

கெடு தாண்டிவிட்டால்?

நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். அந்த சர்வரின் டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பைக் கட்டாயமாக நீக்கி, தலைமையகப் பதிவேட்டில் அதன் சுவடுகளையும் துடைத்துவிட்டு, புதிதாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. பேக்கப்புக்கும் இதே கெடுதான்.

ஆஃப்ல இருந்தாலே ஆபத்தா?

இல்லை. 2017 ஜூன் 27-ல் ‘நாட்பெட்யா’ வைரஸ், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தில் ஒரு முனையமும் முடங்கியது. சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று பிரதி என்ற நம்பிக்கையில் இருந்தார்கள், எல்லாமே அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் பதிவேட்டை மீட்டார்கள்.

ஆக, நெட்வொர்க்கோடு ஒட்டாத ஒரு பிரதி நல்லது, அது கெடுவுக்குள் இருந்தால். சர்வரை அணைக்கும் முன் இரண்டு வேலை: உங்கள் நெட்வொர்க்கின் ‘டூம்ஸ்டோன் லைஃப்டைம்’ எவ்வளவு என்று பாருங்கள், அணைக்கும் தேதியை எழுதி சர்வர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.