ராஜாஜி பக்தரிடம் நிலச் சீர்திருத்தம் பேசுவது

கல்கத்தாத் தமிழர் வீடுகளில் இடதுசாரி அரசியல் பேசுவது புதிதல்ல. ஆனால் பேச்சு பத்து நிமிடம் தாண்டுவதில்லை. பேரன் "புரட்சி" என்பான், தாத்தா "ரௌடித்தனம்" என்பார், அதோடு சரி. பிறகு இருவருக்கும் பொதுவாகக் கிரிக்கெட் ஒன்றுதான் மிஞ்சும். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

நக்சல்பாரியையே எடுத்துக்கொள்வோம். 1967 மே 24-ஆம் தேதி அங்கே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்பு பட்டு இறந்தார். மறுநாள் போலீஸ் சுட்டதில் 11 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பெண்கள். தாத்தாவுக்கு முதல் தேதிதான் நினைவிருக்கும். பேரனுக்கு இரண்டாவது தேதி மட்டுமே தெரியும். சாரு மஜூம்தார், மாவோ என்று பெயர்களில் ஆரம்பித்தால் இந்த இரண்டு தேதிகளும் சந்திக்கவே போவதில்லை. அந்தக் குத்தகை விவசாயிக்கு விளைச்சலில் என்ன பங்கு கிடைத்தது என்று ஆரம்பித்தால் சந்திக்கலாம். ஏனென்றால் நம் பெரியவர்களில் பலர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். வாரம், குத்தகை, பண்ணையாள் என்பதெல்லாம் அவர்களுக்குப் புத்தகத்து வார்த்தைகள் அல்ல.

தாத்தா ராஜாஜி பக்தராக இருந்தால் இன்னும் சௌகரியம். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே சொன்னவர் ராஜாஜி. கூட்டுப்பண்ணை விவசாயத்தை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சியையே தொடங்கினார். ஆனால் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல், அவரே முதலமைச்சராக இருந்தபோது! குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது அந்தச் சட்டம். கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கம் கொடுத்த நெருக்குதல் இல்லாமல் அது வந்திருக்காது என்று பேரன் சொல்லலாம். நெருக்குதல் இருந்தும் சட்டத்தின் வழியாகத்தானே வந்தது என்று தாத்தா திருப்பிக் கேட்கலாம். இரண்டும் நியாயமான வாதங்கள்.

தாத்தா கேட்கும் சில கேள்விகளைப் பேரன் மழுப்பக் கூடாது. டிராபிக் கான்ஸ்டபிளைக் குத்தியதால் எந்த ஏழைக்கு நிலம் கிடைத்தது? 1970-இல் காலேஜ் ஸ்கொயரில் வித்யாசாகர் சிலையின் தலையை எடுத்தார்களே, அவர் எந்த ஜமீன்தார்? தனிநபர்களை அழித்தொழிக்கும் அந்தப் பாதை தவறு என்று நக்சல்பாரித் தலைவர்களில் ஒருவரான கானு சன்யாலே பின்னாளில் சொன்னார். அதை ஒப்புக்கொள்வதால் பேரன் கட்சி மாறியதாக ஆகிவிடாது.

அதேபோல், குத்திக் காட்டுவதும் கூடாது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை வாய் ஓயாமல் திட்டியவர்களும் 1979-இல் போனஸ் அறிவித்தபோது வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். எங்கள் இலாகாவில் இது எல்லோருக்கும் தெரியும். இதை எடுத்துச் சொன்னால் தாத்தா எழுந்து உள்ளே போய்விடுவார், அவ்வளவுதான் பயன்.

வங்காளத்துக்கு வருவோம். ஏர், மாடு, விதை, உரம் எல்லாம் பயிரிடுபவருடையதானால் விளைச்சலில் 75 சதவீதம் அவருக்கே என்று இங்கே சட்டம். சட்டம் ஏட்டில் கிடந்தது. 1978-இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவில்தான் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய், சுமார் 14 லட்சம் பர்காதார்களின் பெயரைப் பதிந்தார்கள். இதைச் செய்தது கம்யூனிஸ்டு அரசாங்கம், துப்பாக்கியால் அல்ல, பதிவேட்டால். இது தாத்தாவுக்குக் கொஞ்சம் பிடிக்கும். பேரனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேச்சு இந்த இடத்துக்கு வந்தது. எண்பது தாண்டிய பெரியவர், திருவாரூர்ப் பக்கம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனது கூலித் தகராறில்தான் என்றான் பேரன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க களத்துல ஆளுக்கு அளக்க ஒரு மரக்கால், ஆத்துக்கு அளக்க ஒரு மரக்கால். ரெண்டும் ஒண்ணில்லேடா" என்றார். அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத செய்தி அது.

உடனே அவரே கேட்டார்: "சரி, ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுட்டுப் பிழைக்கிற விதவைக்கு உன் பர்கா சட்டம் என்ன வழி வெச்சிருக்கு?" பெரிய ஜோத்தாருக்கும் அவளுக்கும் பங்கு விகிதம் ஒன்றுதான் என்பதால் பேரனிடம் பதில் இல்லை. தேடிக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.