உங்களுக்குத் தெரியுமா? நாவலுக்காகச் சுரங்கத்தில் இறங்கியவர்!

‘இயல்புவாதம்’ என்றதும் கல்லூரிப் பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்ஸில் கிளம்பிய இந்த இலக்கிய இயக்கம் ஜெயில், போலீஸ் தடை, மேடையில் நிஜ இறைச்சி என்று பல கூத்துகளைப் பார்த்தது. யதார்த்தவாதிகள் வாழ்க்கையை உள்ளபடி எழுதினார்கள். இயல்புவாதிகளோ ‘இந்த ஆள் ஏன் இப்படி ஆனான்?’ என்று கேட்டு, பரம்பரையிலும் வளர்ந்த சூழலிலும் பதில் தேடினார்கள். அதற்காக நேரிலேயே கிளம்பிப் போனார்கள் என்பதுதான் விசேஷம்.

● இந்த இயக்கத்தின் தலைமகன் எமில் ஜோலா பாடம் கேட்டது ஒரு மருத்துவ விஞ்ஞானியிடம்! கிளோத் பெர்னார் 1865-இல் பரிசோதனை மருத்துவம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜோலா 1880-இல் வெளியிட்ட ‘பரிசோதனை நாவல்’ கட்டுரையில் அதையே அடியொற்றினார். ‘மருத்துவர்’ என்று வரும் இடத்தில் ‘நாவலாசிரியர்’ என்று போட்டுக்கொண்டால் போதும் என்பது அவர் வாதம். பாத்திரங்களை ஒரு சூழலில் விட்டு, என்ன ஆகிறார்கள் என்று பார்ப்பதுதான் எழுத்தாளனின் வேலையாம்.

● ஜோலா ஒரே குடும்பத்தை வைத்து 20 நாவல்கள் எழுதினார். 1871-இல் தொடங்கி 1893-இல் முடிந்த இந்த வரிசைக்கு ‘ரூகோன்-மக்கார்’ என்று பெயர். வம்சாவளிப் படமே வரைந்து அச்சிட்டார். அப்படியும் ஓர் ஓட்டை! சலவைக்காரி ஜெர்வேஸின் கதையில் அவளுக்குக் காதலன் லாந்தியே மூலம் பிறந்தவர்கள் இரண்டே மகன்கள். பின்னால் வந்த ‘மனித மிருகம்’ நாவலுக்குக் கொலை வெறி கொண்ட ஓர் இன்ஜின் டிரைவர் தேவைப்பட்டான். உடனே ழாக் என்று இன்னொரு மகன் அவளுக்குப் ‘பிறந்துவிட்டான்’.

● அந்த நாவலுக்காக 1889-இல் பாரிஸிலிருந்து மாந்த் வரை ரயில் இன்ஜினில், டிரைவர் பக்கத்தில் நின்றபடியே ஜோலா பயணம் செய்தார்.

● 1884 பிப்ரவரியில் வட பிரான்ஸின் ஆன்ஸான் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செயலாளர் என்று சொல்லிக்கொண்டு ஜோலா அங்கே போய்ச் சேர்ந்தார். தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்தார், சுரங்கத்துக்குள் இறங்கினார், குறிப்பேட்டை நிரப்பினார். மறுவருடம் வந்தது ‘ஜெர்மினல்’. அதில் பத்தாண்டுகளாகப் பூமிக்கடியிலேயே வண்டி இழுக்கும் பத்தாய் என்றொரு குதிரை வருகிறது. வலையில் கட்டி இறக்கப்படும் புதுக் குதிரையை அது மோந்து பார்க்கிறது. வந்ததன் மேல் மேலுலகத்துக் காற்றின் வாசனை! 1902-இல் ஜோலாவின் இறுதி ஊர்வலத்தில் வந்த சுரங்கத் தொழிலாளர்கள் எழுப்பிய கோஷம் என்ன தெரியுமா? “ஜெர்மினல்! ஜெர்மினல்!”

● ஜோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட லண்டன் பதிப்பாளர் ஹென்றி விஸெடெல்லிக்கு 1888-இல் அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை. 1889-இல் மூன்று மாதம் ஜெயிலில் போட்டார்கள். அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான்கே ஆண்டுகளில், 1893-இல், அதே லண்டன் ஜோலாவை விருந்தாளியாக அழைத்துத் தடபுடலாக வரவேற்றது!

● நாடகத்தில் இயல்புவாதத்துக்கு வாசல் திறந்தவர் ஒரு குமாஸ்தா. பாரிஸ் எரிவாயு கம்பெனியில் வேலை பார்த்த ஆந்த்ரே ஆன்துவான், 1887 மார்ச் 30 அன்று ‘தெயாத்ர் லீப்ர்’ (சுதந்திர நாடக அரங்கு) என்ற அமைப்பின் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். செட் போடக் காசில்லை. அம்மா வீட்டு மேஜை நாற்காலிகளைக் கைவண்டியில் ஏற்றித் தெருவழியே தள்ளிவந்து மேடையில் போட்டார். சந்தாதாரர்களுக்கு மட்டுமே நாடகம் என்பதால் தணிக்கை அதிகாரிகளுக்கும் அங்கே வேலையில்லை.

● மறுவருடம் ‘கசாப்புக்காரர்கள்’ என்ற நாடகத்துக்கு நிஜ இறைச்சியையே கொக்கிகளில் மாட்டித் தொங்கவிட்டார் ஆன்துவான். அவர் நடிகர்கள் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் பேசுவார்கள். ஊரெல்லாம் அதைக் கிண்டலடித்தது. இன்று எந்த நாடகத்திலும் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

● ஸ்வீடனின் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1888-இல் எழுதிய ‘மிஸ் ஜூலி’ முழுக்க ஒரு சமையலறையில் நடக்கிறது. திரை விலகும்போதே சமையல்காரி அடுப்பில் சிறுநீரகம் வறுத்துக்கொண்டிருப்பாள். சட்டி பானைகளைப் படுதாவில் வரைந்து வைக்கும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று முன்னுரையில் சண்டையே போட்டார் ஆசிரியர். டென்மார்க்கில் தணிக்கை தடுத்ததால், 1889-இல் கோபன்ஹேகன் மாணவர் சங்கத்தில்தான் முதல்முறை நடந்தது. ஜூலியாக நடித்தவர் அவர் மனைவி ஸீரி ஃபோன் எஸ்ஸன்.

● 1889 அக்டோபர், பெர்லின். கெர்ஹார்ட் ஹாப்ட்மனின் ‘விடியலுக்கு முன்’ நாடகம். கடைசி அங்கத்தில் மேடைக்கு வெளியே பிரசவ வலி. பார்வையாளர்களில் ஒருவரான டாக்டர் எழுந்து பிரசவ இடுக்கியை எடுத்து ஆட்டினார். உதவிக்கு அல்ல, கேலிக்கு! கையோடு கொண்டுவந்திருந்தார் என்றால் முன்கூட்டியே திட்டமிட்ட கலாட்டாதான்.

● ஹாப்ட்மனின் இன்னொரு நாடகமான ‘நெசவாளர்கள்’, 1844-இல் அன்றைய பிரஷ்யாவின் சிலேசியப் பகுதியில் நடந்த கைத்தறி நெசவாளர் கிளர்ச்சியைப் பேசுகிறது. தனிக் கதாநாயகன் கிடையாது. பசித்த கூட்டம்தான் நாயகன். போலீஸ் தடை போட்டது. தடையை நீக்கிய நீதிமன்றம் சொன்ன காரணம் வேடிக்கையானது: அதை நடத்தவிருந்த அரங்கின் டிக்கெட் விலைக்குத் தொழிலாளிகள் வந்து பார்க்கவே முடியாது, பிறகு கலகம் எப்படி வரும்? 1894-இல் அங்கே நாடகம் நடந்ததும், ஜெர்மானியப் பேரரசர் தன் தனி இருக்கைகளை ரத்து செய்துவிட்டார். ஹாப்ட்மனுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது.

● 1902-இல் கார்க்கியின் ‘அதல பாதாளம்’ நாடகத்தை மேடையேற்றும் முன், மாஸ்கோ கலை அரங்கின் நடிகர்கள் கித்ரோவ் சந்தைப் பக்கத்துச் சத்திரங்களுக்குப் போய், அங்கே ஒண்டியிருந்த நாடோடிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

● அமெரிக்காவின் ஸ்டீஃபன் கிரேன், நியூயார்க் சேரிப் பெண்ணின் கதையான ‘மேகி’யை 1893-இல் சொந்தக் காசில், புனைபெயரில் அச்சிட்டார். விற்கவே இல்லை. போர் நாவல் ஒன்றால் 1895-இல் புகழ் வந்ததும், மறுவருடமே ‘மேகி’ மறுபதிப்பு கண்டது.

● தமிழில் இயல்புவாதத்தின் முன்னோடி நாவலாக விமர்சகர்கள் காட்டுவது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942). கொங்குக் கிராமம், கணவனை இழந்த ஒருத்தி, பாகப்பிரிவினைத் தகராறு, அந்த மண்ணின் பேச்சு. ஆசிரியர் யாருக்கும் வக்காலத்து வாங்குவதில்லை. பூமணியின் ‘பிறகு’ (1979) இதே வழியில் கரிசல் காட்டைக் காட்டியது.

● அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1904-இல் ஏழு வாரம் சிகாகோ இறைச்சிக் கூடங்களைச் சுற்றி வந்து ‘தி ஜங்கிள்’ எழுதினார். அவர் எதிர்பார்த்தது, அங்கே உழைத்து நொறுங்கும் தொழிலாளிகளுக்கு நியாயம். வாசகர்களைக் கிலிபிடிக்க வைத்ததோ தங்கள் தட்டுக்கு வந்த இறைச்சியின் லட்சணம்! நாவல் புத்தகமாக வந்த 1906-இலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளிக்குக் கூலி உயர்த்தச் சட்டம் எதுவும் வரவில்லை.