முறிகண்டியில் நிற்கும்போது கயிற்றையும் பாருங்கள்

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பெரியவர்கள் கற்பூரம் கொளுத்துவார்கள். பிள்ளைகள் கச்சான் சரையோடு ஓடி வருவார்கள். பத்து நிமிடத்தில் வான் மறுபடி புறப்பட்டுவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள், கூரையில் கட்டிய சைக்கிளின் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த குடும்பம் கட்டுநாயக்கவில் மலைச்சைக்கிள் பெட்டியோடு வானில் ஏறுகிறது. சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போகிற பாடசாலை அணி, சைக்கிளையும் பிள்ளைகளையும் ஒரே வானில் அடைக்கிறது. வவுனியா இளைஞர்கள் இரணைமடுப் பக்கமோ முல்லைத்தீவுக் கரைக்கோ சைக்கிள் ஓட ஹயஸ் வான் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். வாடகை பேசும்போது ஆட்களை எண்ணுகிறார்கள், தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். சைக்கிள் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "அது மேல கிடக்கட்டும், தம்பி" என்ற ஒரு சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

வன்னியில் சைக்கிளின் பெறுமதியை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்த படகுகளில் ஆட்களோடு சைக்கிள்களும் ஏறின. 2009இல் போர் முடிந்த பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள், துருப்பிடித்துக் குவிந்து கிடந்த சைக்கிள்களைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் சைக்கிளே மறுபடி கைகொடுத்தது. இவ்வளவு மதிக்கிற பொருளை வானில் ஏற்றும்போது மட்டும் விறகுக் கட்டைப் போல ஏற்றுவது ஏன்?

முதல் ஆபத்து வானுக்குள்ளேயே இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வான் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னால் பாயும். ஏறக்குறைய 14 மீற்றர் உயரத்தில் இருந்து, அதாவது வளர்ந்த தென்னை ஒன்றின் வட்டில் இருந்து, 15 கிலோ சைக்கிள் ஒன்று தலையில் விழுவதற்கு அது சமம். காற்றடிக்கும் பம்பும் சாவிப் பெட்டியும் கூட அப்படியே பறக்கும். 2016 டிசம்பர் 17ஆம் திகதி, இதே ஏ9 வீதியில் சாவகச்சேரிக்கு அருகே சங்கத்தானையில் வான் ஒன்றும் பஸ் ஒன்றும் மோதியதில் வானில் வந்த 10 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்துக்கும் சைக்கிளுக்கும் தொடர்பில்லை. ஆனால் வான் என்ற வாகனம் எவ்வளவு மெல்லியது என்பதை அது காட்டியது. ஹயஸ் போன்ற வான்களுக்கு முன்னால் நீண்ட மூக்கு இல்லை. மோதலின் முழு அடியும் முன் இருக்கைக்கே வருகிறது. அந்த நேரத்தில் பின்னால் இருந்தும் ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தால் நடுவில் இருப்பவர் என்ன ஆவார்?

ஆகவே ஆட்கள் இருக்கும் பகுதியில் சைக்கிளைப் படுக்க வைத்து, அதன்மேல் பிள்ளைகளை இருத்துவது கூடவே கூடாது. வசதி இருந்தால் சைக்கிளுக்குத் தனியாக ஒரு பட்டா லொறி பிடிப்பது நல்லது. ஒரே வான்தான் என்றால் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த அளவுக்கு ஆட்களைக் குறைக்க வேண்டும். முன் சில்லைக் கழற்றி, சட்டகத்தை நிமிர்த்தி வைத்து, வானின் இரும்பு வளையங்களோடு இரண்டு இடத்தில் இறுக்க வேண்டும். பழைய ரியூப்பை வெட்டிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். உரசாமல் இருக்கச் சுற்றிவிட ரியூப் நல்லது. பாரத்தைத் தாங்க அது உதவாது, குலுக்கலில் இழுபட்டுத் தளர்ந்துவிடும். இறுக்குவதற்குக் கயிறு அல்லது பூட்டுள்ள பட்டி வேண்டும். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சில்லைக் கழற்றினால், பிரேக் கட்டைகளுக்கு இடையில் மடித்த மட்டைத் துண்டொன்றைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடிக்க, கட்டைகள் ஒட்டிக்கொண்டு சில்லு திரும்ப ஏறாது. பெடலையும் கழற்றுவதென்றால், இடப்பக்கப் பெடலின் மரை மறுபக்கமாகத் திரும்பும். தெரியாமல் பலம் போட்டு மரையை அழித்தவர்கள் பலர்.

கூரையில் நிமிர்த்திக் கட்டினால் வானின் உயரம் 3 மீற்றரைத் தாண்டும். திருவிழா வளைவும், வீதிக்குச் சாய்ந்த மரக்கிளையும், வீட்டுக் கேற்றின் மேற்சட்டமும் சாரதிக்குப் பழக்கமில்லாத எதிரிகளாகிவிடும். பின்கதவில் தொங்கவிட்டால் இலக்கத்தகடும் பின்விளக்கும் மறையக் கூடாது. மறைந்தால் பொலிஸார் மறிப்பதும் வழக்குப் போடுவதும் நியாயமே. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையிலான இருட்டில் பின்விளக்கு மறைந்த வானைப் பின்னால் வரும் லொறி கடைசி நொடியில்தான் காணும். அங்கே மாடும் வீதிக்கு வரும், யானையும் வரும்.

வான் வீதியை விட்டு இறங்கும் இடமும் முக்கியம். குறுக்குப் பாதை தேடும் சைக்கிள்காரருக்கு வன்னிக் காடு ஆசையைத் தூண்டும். ஆனால் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அகற்றி முடிக்கக் கொடுக்கப்பட்ட காலம் 2028 ஜூன் 1 வரை. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களின் பணியாளர்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தேடிய மாவட்டங்கள் இவை. ஊரார் மாடு சாய்க்கிற, விறகுக்குப் போகிற தடத்தைக் கேட்டு அறிந்து அதிலேயே ஓட வேண்டும். சிவப்புத் தலையோட்டுப் பலகை கண்டால் அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. சந்தேகமான பொருளைத் தொடாமல் 119க்கு அறிவிக்க வேண்டும். 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் போன்ற இடங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

இனிக் கடதாசி. வான் வாடகைக்குப் பேசும்போது வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கேட்டுப் பார்க்கப் பயணிக்கு உரிமை உண்டு. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். காப்புறுதியில் சொந்தப் பாவனைக்கா, வாடகைக்கா என்ற விபரம் இருக்கும். சொந்தப் பாவனைக்கு மட்டும் காப்புறுதி எடுத்த வானை வாடகைக்கு ஓட்டி விபத்தானால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. இன்னொன்று: சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி, கூரையில் இருந்து விழுந்து நொறுங்கிய உங்கள் சைக்கிளுக்குப் பணம் தராது. விலையுயர்ந்த சைக்கிளுக்குத் தனிக் காப்புறுதி எடுக்கலாம். அதோடு சைக்கிள் எத்தனை, யார் கட்டுவது, சேதமானால் யார் பொறுப்பு என்பதைப் புறப்படுமுன் ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுதிச் சாரதியிடம் "சரி" என்ற பதிலை வாங்க வேண்டும். பெடல் அச்சுக்குக் கீழே சட்டகத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தையும், வாங்கிய பற்றுச்சீட்டையும், ஏற்றும்போது சைக்கிள் இருந்த நிலையையும் தொலைபேசியில் படமெடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும்.

காயம் என்றால் முதல் அழைப்பு 1990, சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. வடக்கில் 2018இல் இருந்து அது ஓடுகிறது. விபத்துக்குப் பிறகு வானை எடுத்துக்கொண்டு போய்விடச் சாரதிக்கு உரிமையில்லை. நிறுத்தி, பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். சைக்கிள் மட்டும் சேதமாகி, சாரதி கையை விரித்தால் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. சிறு பணத் தகராறுகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. வாடகைச் சேவையில் கவனக்குறைவு என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. சைக்கிளைப் பஸ்ஸில் அனுப்பி, வெளிமாகாண பஸ்காரரோடு பிரச்சினை வந்தால் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955.

விபத்து தம்புள்ளையிலோ அனுராதபுரத்திலோ நடந்தால் இன்னொரு சிக்கல் வரும். பொலிஸ் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். அவசரத்தில் விளங்காமலே கையொப்பம் வைத்துவிட்டு வருகிறார்கள். பிறகு காப்புறுதி நிறுவனம் அந்த வாக்குமூலத்தையே காட்டி, "நீங்கள்தானே கயிறு கட்டியதாகச் சொன்னீர்கள்" என்று கேட்கும்போது பதில் இருக்காது. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் சொல்லவும், எழுதியதைத் தமிழில் வாசித்துக்காட்டக் கேட்கவும் பயணிக்கு உரிமை உண்டு. மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை அரை மணித்தியாலம் காத்திருந்தாலும் பரவாயில்லை. விளங்காத தாளில் கையொப்பம் வைக்காமல், முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் வானில் ஏற வேண்டும்.