படத்தில் அடங்காத வீடு

கடியப்பட்டணத்துக் கலங்கரை விளக்கத்தைப் படமெடுக்காமல் திரும்பும் பயணிகள் அரிது. வள்ளியாறு கடலில் கலக்கும் அக்கரையின் எழில் அத்தகையது. அருகிலுள்ள முட்டம் கடற்கரையை, 1986-இல் வெளிவந்த 'கடலோரக் கவிதைகள்' திரைப்படம் தமிழகமெங்கும் காட்டியது. ஆயினும், பிழைப்புக்காக வளைகுடா சென்றவர் இத்தகைய படமொன்றைத் தம் அறைச் சுவரில் மாட்டிவைத்தால், அதில் அவர் தேடுவது பாறையையும் அலையையுமா? படத்தின் எல்லைக்குள் வராத தம் வீட்டு வாசலையன்றோ!

இக்குறையை உணர்ந்த கலைஞர் சிலர், நிழற்படத்தை மட்டும் நம்பாமல் அதன்மீது வண்ணம் தீட்டுகின்றனர். பழைய கடிதங்களையும் நிலப்படங்களையும் அதனோடு இணைக்கின்றனர். படமே எஞ்சாதவர்கள் என்ன செய்வர்?

1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். 70,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். நகைகளும் பணமும் பறிக்கப்பட்ட அவ்வேளையில் ஆல்பத்தை யார் நினைத்திருப்பர்?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-இல் ஒரு நூலை வெளியிட்டார். 'நிறைவுறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்த 80 பேர் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து கோடுகளாக வரைந்து கொடுத்தனர். அதனைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைபடமாக்க, அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு ஓவியர் தம் சித்திரத்தைத் தீட்டினார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளனர். போர் பிரித்த அண்டை வீட்டாரை அந்நூல் மீண்டும் அருகருகே அமர்த்தியுள்ளது.

மக்காவைப் பிரிந்த வேளையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நகர்மீது தமக்குள்ள அன்பை வெளியிட்டதை நாம் அறிவோம். பிறந்த மண்ணை நேசிப்பது பலவீனமன்று.

சகோதர சகோதரிகளே! நம் ஊர்களிலும் ஓட்டு வீடுகள் மறைந்து மாடி வீடுகள் எழுகின்றன. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குப் பழைய வீடு தெரியாது. இவ்விடுமுறையில் அவர்கள் வரும்போது, வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தாளும் எழுதுகோலும் கொடுங்கள். கிணறு எங்கிருந்தது, உம்மா எந்தத் திண்ணையில் அமர்ந்து ஓதினார், எந்த அறையில் யார் பிறந்தார் என்று குறிக்கச் சொல்லுங்கள். கோடு கோணினும் திருத்தாதீர்கள். இருக்கும் நிழற்படத்தோடு அத்தாளையும் சேர்த்து வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம்.