பில் போடும் இடத்தில் தலையாட்டாதீர்கள்

திருச்சியில் எந்தப் பெரிய கடையில் ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கினாலும், பணம் கட்டப் போகும் நேரத்தில் ஒரு கேள்வி வரும். "சார், இன்னும் ஒரு மூணாயிரம் சேத்துக் கட்டிட்டா மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா?" ஆடித் தள்ளுபடிக் கூட்டம் பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கும். நாற்பதாயிரம் செலவழிக்கத் துணிந்துவிட்ட மனசுக்கு மூவாயிரம் பெரிதாகத் தெரியாது. தலையை ஆட்டிவிடுவோம்.

நான் திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் படித்து, ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோவிலிலும் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. சர்வீஸ் பார்க்கிறவன். இந்த வாரண்டி அட்டைகளைப் பீரோவிலிருந்து எடுத்து நீட்டும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பணம் திரும்பி வந்த வீடுகளும் உண்டு. ஏமாந்து உட்கார்ந்த வீடுகள்தான் அதிகம். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், அந்த முடிவைக் கடையிலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள், முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது கேட்டாலும் தங்கள் நீட்டிப்புத் திட்டத்தைத் தருகின்றன. கஸ்டமர் கேர் எண்ணுக்கு ஒரு போன் போதும். பத்துப் பதினோரு மாதம் மெஷினை ஓட்டிப் பாருங்கள். அடிக்கடி கோளாறு கொடுக்கிறதா, கம்பெனி ஆள் கூப்பிட்டால் வருகிறாரா, உதிரிப்பாகம் திருச்சியிலேயே கிடைக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சர்வீஸ் சென்டர் ஒழுங்காக இல்லாத கம்பெனிக்கு வாரண்டியை நீட்டி என்ன பயன்?

இரண்டாவது, பொருள் எப்போது கெடும் என்பது. பெல் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அவர் வீட்டு மெஷினை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினார். தொடக்கத்தில் மேலே இருந்து சரிந்து இறங்கி, நடுவில் தாழ்வாக நீண்டு போய், கடைசியில் மறுபடி ஏறுகிற கோடு. பொறியாளர்கள் இதைக் குளியல்தொட்டி வளைவு என்பார்கள். தயாரிப்பில் குறை இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வெளியே வந்துவிடும். அதைக் கம்பெனியே இலவசமாகப் பார்த்துத் தரும். தேய்மானத்தால் வரும் கோளாறு பல வருடம் கழித்து வரும். அப்போது நீட்டித்த வாரண்டியும் முடிந்திருக்கும். நாம் கூடுதலாகப் பணம் கட்டுவது நடுவில் இருக்கிற, பொருள் நன்றாக ஓடும் வருடங்களுக்கு. என் அனுபவமும் அந்தக் கோட்டைத்தான் சொல்கிறது.

"பத்து வருட வாரண்டி" என்று கடையில் சொல்வதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாமி வீட்டில் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போய்விட்டது. வாங்கி ஆறு வருடம். கம்பெனி கொடுத்த எஸ்டிமேட்டைக் காட்டி என்னிடம் கேட்டார்: "பத்து வருஷம்னுதானே கடையில சொன்னா? இப்போ எதுக்குப்பா பணம்?" அட்டையை வாங்கிப் படித்தேன். பத்து வருடம் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ் நிரப்பும் செலவு, வேலைக்கூலி, கம்ப்ரசரோடு மாற்ற வேண்டிய ஃபில்டர், வண்டி வாடகை எல்லாம் மாமியின் கணக்கில். அட்டையில் எழுதியபடிதான் கம்பெனி நடந்துகொண்டது. விற்கும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாஷிங் மெஷின் மோட்டாருக்குப் பத்து வருடம் என்பதும் பெரும்பாலும் இதே மாதிரிதான்.

இனி, எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்ற பட்டியல். அட்டையின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும். நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும் பங்கு அந்தப் பட்டியலுக்குள்தான் விழுகிறது. வீதியில் மின்கம்பத்தில் நியூட்ரல் கட் ஆனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வரை ஏறிவிடும். அந்த ஒரு நொடியில் பி.சி.பி. போர்டு கருகும். 'வோல்டேஜ் ஏற்ற இறக்கம் சேராது' என்று அட்டை சொல்லும். ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்குள் பல்லி நுழைந்து போர்டின் இரு முனைக்குக் குறுக்கே செத்துக் கிடக்கும். வாஷிங் மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி உள்ளே போய் வயரைக் கடித்துவிடும். 'பூச்சி, எலிச் சேதம் சேராது.' ஆற்றுக்கு அந்தப் பக்கம் சில இடங்களில் உப்புப் போர் தண்ணீரால் வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளைப் படிவு தடிமனாக ஏறியிருக்கும். அதற்கும் கிடையாது. வெள்ளத்துக்கும் கிடையாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருக்கும் நாம் அந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மருந்து வேறு. அதிக வோல்டேஜ் வந்தால் தானாகத் துண்டிக்கும் நல்ல ஸ்டெபிலைசர், ஒழுங்கான எர்த், மெஷினின் அடியில் எலித் தகடு. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நீட்டிப்பு வாரண்டியின் விலைக்குப் பக்கத்தில்தான் வரும். பலன் பல வருடம்.

விற்பவர் யார் என்பதும் முக்கியம். கம்பெனி தானே தரும் திட்டம் ஒன்று. கடைக்காரர் தன் பெயரில் தருவது இன்னொன்று. மூன்றாவதாக வெளி நிறுவனம் ஒன்று தரும் 'புரொடெக்ஷன் பிளான்'. இந்தக் கடைசி வகையில் பழுது பார்க்க யார் வருவார், ஒரு தடவை கிளெய்ம் செய்தால் திட்டம் முடிந்துவிடுமா, வருடத்துக்கு வருடம் தரும் தொகை குறையுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவணையில் வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். நீங்கள் கேட்காத வாரண்டித் தொகை மாதத் தவணைக்குள் உட்கார்ந்திருப்பதை நானே சில வீடுகளில் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2005 முதல், மின்சாதனங்களை விற்கும் கடைகள் வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் யோசித்து வந்தாலும் முப்பது நாள் வரை அதே விலை. வாங்கிய 45 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். நம் ஊரிலும் இப்படி ஒரு விதி வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? சிலதற்கு வாங்கலாம். ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினில் டிரம் பேரிங் போனால் முழுக்கப் பிரிக்க வேண்டும், செலவு பெரிது. பெரிய டி.வி.யில் பேனல் போனால் பாதி விலைக்கு மேல் கேட்பார்கள். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் போர்டும் ஆயிரக்கணக்கில்தான். இந்த மூன்றுக்கும், கம்பெனியின் சொந்தத் திட்டமாக இருந்து, மொத்தத் தொகை பொருள் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் கட்டுங்கள் என்பேன். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ், செமி ஆட்டோமேட்டிக் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எதற்கும் வேண்டாம். தெர்மோஸ்டாட், ரிலே, கெப்பாசிட்டர் என்று சில நூறு ரூபாயில் முடிகிற வேலைகள்தான் அவற்றில் அதிகம். ஒரு வீட்டில் ஐந்து சாமானுக்கு மூவாயிரம் வீதம் கட்டினால் பதினைந்தாயிரம். அதை அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். எது கெட்டாலும் அதிலிருந்து எடுக்கலாம். எதுவும் கெடாவிட்டால் பணம் உங்களுடையது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், அட்டையில் இருப்பதைச் செய்து தர மறுக்கிறார்கள் என்றால் சும்மா விடாதீர்கள். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ஆள் எழுதித் தந்த சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.